கொசுவைச் செத்தேன்

2020 ஊரடங்கில் எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. தங்கை கேக் சுட்டாள், அப்பா மொட்டை மாடியில் தக்காளி வைத்தார், நான் எஸ்பெராண்டோ படித்தேன், உலகத்துக்கே பொதுவாக இருக்கட்டும் என்று ஒருவர் உட்கார்ந்து செய்த மொழி. எதுக்குடி அது, எந்த நாட்டுல பேசுறாங்க என்று அம்மா கேட்டபோது, எந்த நாட்டிலும் இல்லை என்பதுதான் அதன் விசேஷமே என்று சொல்லி இன்னும் கொஞ்சம் திட்டு வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது மாதம், இணையத்தில் பேசிப் பழகப் பிரேசிலில் இருந்து ஒருவர் கிடைத்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நான் மனதுக்குள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன், அந்த மொழியில் நீ, நீங்கள் என்ற பிரிவெல்லாம் இல்லை, எல்லோருக்கும் ஒரே 'வி'தான். ஒரு நாள் ராத்திரி அவரோடு அரட்டையில் இருந்தபோது காதருகே ஒரு கொசு. பட்டென்று அடித்துவிட்டுப் பெருமையாக எழுதினேன்: "மி மோர்த்திஸ் லா மொஸ்கித்தோன்." கொசுவைக் கொன்றேன் என்று நினைத்துத்தான் எழுதினேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் வந்தது: "செத்த பிறகும் இவ்வளவு வேகமாகத் தட்டச்சு செய்கிறாயே!"

நான் எழுதியது "நான் கொசுவைச் செத்தேன்." மோர்த்தி என்றால் சாவது. சாகடிப்பதற்கு நடுவில் ஒரு சின்ன அசை போடவேண்டும்: மோர்த்திகி. அந்த 'இகி'யை விட்டுவிட்டேன்.

இந்த இகியும் அதன் தங்கை இஜியும்தான் இந்தக் கட்டுரை. உச்சரிப்பு முதலில்: இகியில் வரும் 'கி' தங்கியில் வருகிற அழுத்தமான கி, மகிழ்ச்சியில் வருகிற கி இல்லை. இஜியில் வருவது நம் ஜிலேபி ஜி. ரோமன் எழுத்தில் இரண்டும் ஒரே எழுத்துதான், ஜி மட்டும் தலையில் ஒரு தொப்பி போட்டிருக்கும். அவசரத்தில் தொப்பியை விட்டு எழுதினால் ஒன்று மற்றொன்றாகிவிடும், அதாவது நேர் எதிராகிவிடும்.

இகி என்றால் ஆக்கு. இஜி என்றால் ஆகு. அவ்வளவுதான் பொருள். இரண்டும் தனியாக நின்றும் வினைச்சொல்லாக இருக்கும், வேறு சொல்லின் முதுகில் ஏறியும் உட்காரும். ரூஜா என்றால் சிவப்பு, ரூஜிகி என்றால் சிவப்பாக்கு, ரூஜிஜி என்றால் சிவந்துபோ, வெட்கத்தில் முகம் சிவப்பதற்கும் அதுதான். பூரா என்றால் சுத்தமான, பூரிகி என்றால் சுத்தம் செய். அப்புறம் காலத்துக்கு ஒரு விகுதி: நிகழ்காலம் ஆஸ், இறந்தகாலம் இஸ், எதிர்காலம் ஓஸ். யார் செய்தாலும், எத்தனை பேர் செய்தாலும் விகுதி மாறாது. அவன் அவள் அது அவர்கள் என்று வினைமுற்றை வளைத்து வளைத்துப் பழகிய நமக்கு இந்த இடத்தில் சும்மா கிடைத்த விடுமுறை போல இருக்கும்.

இந்த மொழியை உருவாக்கிய லுடோவிக் ஜாமென்ஹோஃப் கண் மருத்துவர். 1859இல் பியாவிஸ்டோக்கில் பிறந்தவர், இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது, அன்று ரஷ்யப் பேரரசில். போலந்துக்காரர், ரஷ்யர், ஜெர்மானியர், யூதர் என்று நாலு வகை மனிதர்கள் ஒரே தெருவில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு வாழ்ந்த ஊர். அவர் பள்ளிக்கூடத்தில் படித்தபோது நடந்த ஒரு விஷயத்தைப் பிற்பாடு ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். மொழி செய்ய ஆசை, ஆனால் அகராதியின் பருமனை நினைத்தாலே பயம். அப்போது தெருவில் இரண்டு பெயர்ப்பலகைகள் கண்ணில் படுகின்றன, ஒன்று வாயில்காப்போன் அறை, இன்னொன்று மிட்டாய்க் கடை. இரண்டின் ரஷ்யப் பெயரும் 'ஸ்காயா' என்று முடிகிறது. அட, ஒரே வால் இரண்டு சொல்லைச் செய்கிறதே, அப்படியானால் வால்களை மட்டும் சரியாகச் செய்துகொண்டால் முக்கால்வாசிச் சொற்களை மனப்பாடமே செய்யவேண்டாமே என்று பையனுக்குப் பொறி தட்டியிருக்கிறது. 1887 ஜூலையில் வார்சாவில் முதல் புத்தகம் வந்தபோது அதில் இருந்தது 16 விதிகளும் தொள்ளாயிரத்துச் சொச்சம் வேர்ச்சொற்களும்தான். 'டாக்டர் எஸ்பெராண்டோ' என்று புனைபெயர் போட்டுக்கொண்டார், நம்பிக்கை வைத்திருப்பவர் என்று அர்த்தம். புனைபெயரே மொழிக்குப் பெயராகிவிட்டது. அவர் வைத்த வால்களிலேயே அதிகம் உழைக்கிற ஜோடி, என்னைக் கேட்டால், இந்த இகி இஜிதான்.

தமிழ் படித்தவர்களுக்கு இதைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு வரும். எட்டாம் வகுப்பில் தன்வினை பிறவினை என்று உருப்போட்டோமே, அதேதான். திருந்தினான், திருத்தினான். உருண்டான், உருட்டினான். மாறு மாற்று, ஓடு ஓட்டு, நிரம்பு நிரப்பு. நாம் மெல்லினத்தை வல்லினமாக்கி, ஒற்றை இரட்டித்து, சில இடத்தில் ஒன்றுமே மாற்றாமல் உடைந்தது உடைத்தது, எரிந்தது எரித்தது என்று இடைநிலையில் மட்டும் கை வைத்து, ஆயிரம் வழியில் செய்வதை ஜாமென்ஹோஃப் இரண்டே அசையில் முடித்திருக்கிறார். நமக்கும் 'வி', 'பி' என்று சுத்தமான வால் உண்டு, செய்வித்தான், உண்பித்தான், ஆனால் தமிழ்நாட்டுப் பேச்சில் அது ஏறக்குறைய மேடைக்குப் போய்விட்டது. இலங்கைத் தமிழர்கள் மட்டும் இன்றைக்கும் "எனக்குப் படிப்பிச்ச வாத்தியார்" என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். நமக்குச் 'சொல்லிக்கொடுத்த' வாத்தியார்தான்.

அந்தக் கொசு விஷயத்திலும் தமிழ் எனக்கு முன்கூட்டியே விடையைச் சொல்லியிருந்தது. கொல் என்று தனி வேர் இருந்தாலும் வீட்டில் யார் 'கொன்றேன்' என்கிறோம்? சாகடித்தேன் என்றுதான் சொல்கிறோம். சா என்ற வேரில் ஒரு வாலை ஒட்டினோம், மோர்த்திகி. இதை டீச்சரிடம் சொன்னேன். அவருக்கு ஒரே குஷி. பேரனுக்குச் சொல்லிக்காட்டப்போகிறேன் என்று 'சாகடி'யை எழுதி வாங்கிக்கொண்டார். பேரனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய முதல் தமிழ்ச் சொல் அதுதானா என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் "தமிழனுக்கு எஸ்பெராண்டோ ரத்தத்திலேயே இருக்கிறது" என்று மார்தட்டிக்கொண்டு முடித்திருக்கலாம். அடுத்த வாரமே மூக்குடைபட்டேன்.

"கூட்டம் தொடங்கியது" என்று எழுத வேண்டும். தொடங்குவதற்குக் கொமென்ட்ஸி. எனவே "லா குன்வேனோ கொமென்ட்ஸிஸ்." தப்பு. ஏனென்றால் கொமென்ட்ஸி என்பது ஒருவர் ஒன்றைத் தொடங்குவது, பிறவினை மாதிரி. கூட்டம் தானாகத் தொடங்க வேண்டுமானால் கொமென்ட்ஸிஜிஸ் என்று இஜி போட்டே ஆகவேண்டும். நான் எழுதியதைக் கேட்பவர் "சரி, கூட்டம் எதைத் தொடங்கியது?" என்று காத்திருப்பார். தமிழில் தலைவர் கூட்டத்தைத் தொடங்கினாலும் தொடங்கினார், கூட்டம் தொடங்கினாலும் தொடங்கியது, ஒரே வினைதான், யாருக்கும் சந்தேகம் வராது. எந்தத் தமிழை நம்பிப் போனேனோ அதுவே காலை வாரிவிட்டது. இதில் உள்சிக்கல் வேறு: "மழை பெய்யத் தொடங்கியது" என்று பின்னால் இன்னொரு வினை வந்தால் இஜி வேண்டாம், வெறும் கொமென்ட்ஸிஸ் போதும், அங்கே தொடங்கப்படுவது பெய்தல் என்பதால்.

கொதிப்பதற்கு போலி. நம்மூர் போலி இல்லை, பருப்புப் போலியும் இல்லை. அது தானாகக் கொதிப்பது. தண்ணீர் போலாஸ், ஆனால் நான் தண்ணீரை போலிகாஸ், கொதிக்க வைக்கிறேன். இங்கே தமிழ் மறுபடி நண்பன். மூடுவதற்கான ஃபேர்மியோ கொமென்ட்ஸி கட்சி: நான் கதவை ஃபேர்மாஸ், கதவு தானாக ஃபேர்மிஜாஸ். ஆக எந்த வேர் எந்தக் கட்சி என்று ஒவ்வொன்றாகத்தான் நினைவில் வைக்க வேண்டும். பார்த்தாலே தெரியாது. 16 விதியில் முடிந்துவிடும் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை, எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் கோபம்கூட உண்டு. மொழியிலேயே கஷ்டமான பகுதி எது என்று கேட்டால் பல பேர் இதைத்தான் காட்டுவார்கள்.

கொமென்ட்ஸி ஏன் அந்தக் கட்சிக்குப் போனது என்று யோசித்தால் ஜாமென்ஹோஃபின் வீட்டு மொழி கண்ணில் படுகிறது. ரஷ்ய மொழியில் ஆசிரியர் பாடத்தைத் தொடங்குவதற்கு ஒரு வினை, பாடம் தொடங்குவதற்கு அதே வினையோடு 'ஸ்யா' என்ற ஒட்டு. கதவு மூடுவதும் அப்படித்தான். அந்த ஸ்யா இருக்கும் இடத்தில் பெரும்பாலும் இஜி வந்து உட்கார்ந்திருக்கிறது. நடுநிலை மொழி என்றாலும் செய்தவரின் நாக்கு உள்ளே இருக்கத்தான் செய்யும். ஒருவேளை இதை மதுரைக்காரர் செய்திருந்தால் கொமென்ட்ஸிக்கு இஜியே தேவைப்பட்டிருக்காது.

எங்கள் வீட்டுச் சமையலறையில் இந்த இலக்கணம் தினமும் நடக்கிறது. கண்ணாடி டம்ளர் கீழே விழுந்த சத்தம், பின்னாலேயே அக்கா பையனின் குரல்: "சித்தி, உடைஞ்சிருச்சு!" உடைச்சிட்டேன் என்று அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. டம்ளர் தற்கொலை செய்துகொள்வதையே வழக்கமாக வைத்திருக்கிறது. எஸ்பெராண்டோவில் லா கிளாஸோ ரோம்ப்பிஜிஸ். அவன் செய்தது மி ரோம்ப்பிஸ் லா கிளாஸோன். ஒரு இஜியில் பழி டம்ளர் மேல் போய்விடுகிறது. இஜி என்பது செயப்பாட்டு வினை இல்லை என்பதும் இங்கே புரியும். "உடைக்கப்பட்டது" என்றால் எங்கோ ஒரு ஆள் ஒளிந்திருக்கிறான். "உடைந்தது" என்றால் ஆளே கிடையாது. கதவு திறந்தது, கதவு திறக்கப்பட்டது என்ற இரண்டையும் ஒன்றாகக் குழப்பும் பழக்கம் நம் செய்தித்தாள்களுக்கு வந்து ரொம்ப நாளாகிறது, ஆனால் காதில் வித்தியாசம் இன்னும் இருக்கிறது.

இந்த ஆளில்லாத தன்மையால் இஜி ஒரு பெரிய சண்டையில் தப்பிக்கும் வழியாகவும் இருந்திருக்கிறது. நாஸ்கி என்றால் பெற்றெடுப்பது. பெற்றெடுப்பவள் தாய், எனவே நான் பிறந்ததைச் சொல்ல 'பெற்றெடுக்கப்பட்டேன்' என்று வரவேண்டும். அதற்கு 'நாஸ்கிதா' என்று முடிந்த செயலாகச் சொல்வதா, 'நாஸ்காதா' என்று நடந்துகொண்டிருக்கும் செயலாகச் சொல்வதா? இதை வைத்து எஸ்பெராண்டோ உலகம் 'ஆதா' கட்சி, 'இதா' கட்சி என்று பிரிந்து வருடக்கணக்கில் அடித்துக்கொண்டது, கடைசியில் 1967இல் அந்த மொழியின் அகாதமி 'இதா' பக்கம் தீர்ப்புச் சொன்னது. உலகத்தை ஒன்றுசேர்க்க வந்த மொழியில் ஒரு எழுத்துக்குச் சண்டை. நம் ஊரில் ழகரத்துக்கு நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், அன்றாடம் பேசுகிறவர்கள் இரண்டு கட்சியையும் சட்டை செய்யாமல் "மி நாஸ்கிஜிஸ்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். பிறந்தேன். யாரையும் இழுக்கவேண்டாம். பிறந்தநாளுக்கே நாஸ்கிஜ்தாகோ என்றுதான் பெயர்.

நான் பெரிய பல்பு வாங்கியது கல்யாண விஷயத்தில். எட்ஸோ என்றால் கணவன். அதில் இஜி சேர்த்தால் எட்ஸிஜி, அகராதியில் 'கல்யாணம் செய்துகொள்' என்று போட்டிருந்தது. டீச்சர் ஒருநாள் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். எனக்கு 2014இல் கல்யாணம் ஆயிற்று என்று சொல்ல "மி எட்ஸிஜிஸ்" என்றேன். "வாழ்த்துகள், மீசை வைத்திருக்கிறாயா?" என்றார். நான் சொன்னது 'கணவன் ஆனேன்.' பெண் சொல்ல வேண்டியது எட்ஸினிஜிஸ், மனைவி ஆனேன். எட்ஸோவோடு பெண்பால் ஒட்டு 'இன்' சேர்த்து எட்ஸீனோ, அதன்மேல் இஜி. இதே இடத்தில் இகி போட்டால் மகனுக்கு, மகளுக்குக் கட்டிவைப்பதாகிவிடும். கட்டிக்கொள்வது இஜி, கட்டிவைப்பது இகி. இந்த வித்தியாசத்தை ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மனைவி என்ற சொல்லே கணவன் என்ற சொல்லிலிருந்து கிளைத்து வருவது எனக்குப் பிடிக்கவில்லை, அதை டீச்சரிடம் சொன்னேன், அவருக்கும் பிடிக்கவில்லை. இப்போது நிறையப் பேர் இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்கிற 'கெ' என்ற முன்னொட்டைப் போட்டு கெட்ஸிஜி... இல்லை, அவசரப்பட்டுவிட்டேன், கெ-எட்ஸிஜி, தம்பதி ஆவது என்று சொல்கிறார்கள். அது நன்றாக இருக்கிறது. தமிழில் "கல்யாணம் ஆயிடுச்சு" என்கிறோம். அங்கே ஆனது கல்யாணம். நான் ஒன்றும் ஆகவில்லை, மனைவியாகவும் இல்லை. அம்மா காலத்துப் பெண்கள் சொல்லும் "என்னை இந்த வீட்டுக்குக் கட்டிக் குடுத்தாங்க" என்பதோ முழுக்க முழுக்க இகி. ஜாமென்ஹோஃப் கணவன் ஆனது முதல் புத்தகம் வந்து சில நாட்களிலேயே, 1887 ஆகஸ்டில். புத்தகம் அச்சிட மாமனார் பணம் உதவியது. உலக மொழியானாலும் மாமனார் வீட்டுப் பணம் இல்லாமல் முடியாது போல.

பெயர்ச்சொல், பண்புச்சொல் மட்டுமில்லை, இந்த இரண்டு வால்களும் எதன்மேல் வேண்டுமானாலும் ஏறும். எனக்கு ரொம்பப் பிடித்தது வேற்றுமை உருபு மாதிரியான சின்னச் சொற்களின்மேல் ஏறும்போது நடப்பது. ஆல் என்றால் 'இடம் நோக்கி', நம் 'க்கு' மாதிரி. ஆலிஜி? 'க்கு ஆகு'. சேர்ந்துகொள் என்று அர்த்தம். மாநாட்டுக்குப் பெயர் பதிவதற்கு இதுதான் சொல், பதிவுப் படிவம் ஆலிஜீலோ. 1905இல் பிரான்ஸின் பூலோன் சுர் மேரில் நடந்த முதல் உலக மாநாட்டுக்கு 688 பேர் வந்தார்கள், அதிலிருந்து ஆலிஜி செய்துகொண்டேதான் இருக்கிறார்கள். படுக்கை லீத்தோ, உள்ளே என்பது என், ஆக என்லித்திஜி: படுக்கைக்குள் ஆகு. படுக்கப் போ. ராத்திரி பதினொன்றுக்கு டீச்சர் விடைபெறும்போது இதைத்தான் எழுதுவார், அவருக்கு மதியம் இரண்டரை மணி, எழுதுவது எனக்கான கட்டளை.

உட்காருவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சீதி என்றால் உட்கார்ந்திருப்பது, சீதிஜி என்றால் நின்றவர் உட்காருவது, சீதிகி என்றால் உட்கார வைப்பது. வந்த விருந்தாளியிடம் "சீதூ" என்றால் எழுந்திருக்காதே, அப்படியே இரு என்கிற தொனி. "சீதிஜூ" என்றால்தான் உட்காருங்கள். தமிழில் இந்த வேலையை 'இரு' செய்கிறது, உட்கார்ந்தான், உட்கார்ந்திருக்கிறான்.

சாப்பாட்டில் மட்டும் எச்சரிக்கை. மாஞ்ஜி என்றால் தின்பது, மாஞ்ஜிகி ஊட்டுவது, தின்ன வைப்பது. "குழந்தையை மாஞ்ஜிகிஸ்" என்றால் குழந்தையைத் தின்ன வைத்தேன். ஆனால் "கேக்கை மாஞ்ஜிகிஸ்" என்றால் கேக்கை யாரையோ தின்ன வைத்தேன். ஒரே வடிவம், 'ஐ' வாங்குவது தின்பவராகவும் இருக்கலாம், தின்னப்படுவதாகவும் இருக்கலாம். குழந்தை உருபை வாங்கி நிற்கும்போது அதை யாரும் கேக்காக நினைக்கமாட்டார்கள் என்ற பொது அறிவில்தான் வாக்கியம் பிழைக்கிறது. நம் ஊட்டு இதில் கில்லாடி: குழந்தைக்கு, சோற்றை. ஆளுக்கு ஒரு உருபு, குழப்பமே இல்லை.

இந்த வருடம் பொங்கலன்று டீச்சருக்கு வாழ்த்து அனுப்பினேன். நாங்கள் அன்று ஒருவரை ஒருவர் முதலில் கேட்பது "பால் பொங்கிச்சா?" என்று விளக்கி, அதை எஸ்பெராண்டோவில் சொல்லப் பார்த்தேன். பொங்கு என்பது தானாக நடக்க வேண்டும், அதுதான் மங்களம். அடுப்பைத் தூண்டுவது நாம்தான், ஆனாலும் பொங்க வைத்தேன் என்று யாரும் சொல்லமாட்டோம், பால் தன் இஷ்டத்துக்குப் பொங்கியதாகத்தான் இருக்க வேண்டும். எனவே இகி கூடாது. போலியோடு 'மேலே' என்ற 'சூப்பெர்' சேர்த்து நானே ஒரு சொல் ஒட்டி அனுப்பினேன்: "லா லாக்தோ சூப்பெர்போலிஸ்!" பக்கத்தில் பானை படம், மூன்று ஆச்சரியக்குறி.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "அடடா. அடுப்பை பூரிகிஸா?"